அவுட் இல்லாத ஆட்டக்காரன்

1

போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊரில் இதை வாசிக்கும் சொந்தக்காரர்கள் பதற வேண்டாம். பஸ் ஓட்டும் வேலை அப்படியேதான் இருக்கிறது. போனது சம்பளமில்லாத வேலை. லெஸ்டர் நகரத்தின் ஓரத்தில், நாய்களை நடத்திக்கொண்டு போகிறவர்கள் குறுக்கே வரும் ஒரு புல்வெளியில், சனிக்கிழமைகளில் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு நான் நடுவராக இருந்தேன். ஐந்து சனிக்கிழமை தாக்குப்பிடித்தேன். ஆறாவது சனிக்கிழமை கிரகாம் என்கிற ஐம்பத்திரண்டு வயது ஆட்டக்காரர் நேரே என்னிடம் நடந்து வந்து, என் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, கோட்டோரத்தில் இருந்த என் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இவர் சரிவர மாட்டார் என்றார். அவ்வளவுதான் விசாரணை.

இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்ததில் இதற்கு முன்னரும் இரண்டு வேலைகளிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று கோழி பொரிக்கும் கடை, மற்றது பார்சல் பிரிக்கும் களஞ்சியம். இரண்டு இடத்திலும் "வருந்துகிறோம்" என்று தொடங்கும் கடிதம் தந்தார்கள். கிரகாம் வருந்தவில்லை.

அவர் செய்தது சரி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்வதென்றால் இலங்கையில் என் ஊரான சாய்ந்தமருதுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்று வாரமும் என் உடம்பு லெஸ்டரில் பஸ் ஓட்டியது, மற்றதெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒரு நாள் ஒரு தரிப்பிடத்தை அப்படியே தாண்டிப் போய்விட்டேன். ஒரு அம்மையார் மணியை மூன்று தரம் அடித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் தமிழ் வந்தது.

2

என்னை இந்தக் கிரிக்கெட்டுக்குள் இழுத்துவிட்டது என் மகள் ஹனா. வயது பதினாறு. பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு சான்றிதழுக்குத் தொண்டு வேலை செய்ய வேண்டுமென்று போனவள், சான்றிதழ் கிடைத்த பிறகும் போய்க்கொண்டே இருக்கிறாள். எதையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து செய்யாத பிள்ளை என்பதால், நானும் மனைவியும் முதலில் சந்தேகப்பட்டோம். ஒரு நாள் காரிலேயே இருந்து வேவு பார்த்தேன். ஒரு குழுவுக்கு ஆறு பேர். மூன்று பேர் அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்கள், மூன்று பேர் ஹனாவைப் போல இளம் தொண்டர்கள். தொண்டர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டவில்லை. அவர்களும் உள்ளே ஆடினார்கள். பந்தை விட்டதற்காக, அந்த முதல் மூவரில் ஒருவரான கிரகாம் என் மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நான் திட்டினால் மூன்று நாள் கதைக்காமல் இருப்பவள், அங்கே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் நடுவருக்கு ஆள் இல்லை. வாப்பா சும்மாதானே காரில் இருக்கிறார் என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

பிறகு வந்தது படிவம். இந்த நாட்டில் ஒரு மனிதன் புல்வெளியில் நின்று கையை மேலே தூக்குவதற்கும் பதினான்கு பக்கம் நிரப்ப வேண்டும். ஐந்து வருடமாகக் குடியிருந்த முகவரிகள், பழைய கடவுச்சீட்டு, புதிய கடவுச்சீட்டு எல்லாம் கேட்டார்கள். என் பெயர் நஸீர். என் வாப்பாவின் பெயர் ஆதம்லெப்பை. இங்கே வந்த நாளிலிருந்து எல்லா அரசாங்கக் கந்தோரிலும் என்னை "மிஸ்டர் ஆதம்லெப்பை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாய்ந்தமருதை விட்டு எங்கும் போக விரும்பாத மனிதர் என் வாப்பா. அவருடைய பெயரில் இங்கிலாந்தில் பஸ் ஓடுகிறது, வரி கட்டப்படுகிறது, ஒரு தரம் வேகமாக ஓட்டியதற்குத் தண்டமும் விழுந்தது. பெயர் ஒரு தாளில் முன்னாலும் இன்னொரு தாளில் பின்னாலும் இருந்ததால் படிவம் இரண்டு தரம் திரும்பி வந்தது. அதுவரை யாராவது ஒருவருடைய கண் முன்னால் மட்டும் நிற்கலாம் என்று விட்டார்கள்.

அதில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள ஒருவரோடு பழகிய முன் அனுபவம் உண்டா, உண்டென்றால் எத்தனை வருடம்.

நான் "இல்லை" என்று எழுதினேன்.

எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று படிவத்தை வாங்கிய ஹனா, அந்த இடத்தில் விரலை வைத்தாள். அவளிடம் உள்ள தமிழைக் கூட்டிப் பொறுக்கிக் கேட்டாள்.

"வாப்பா, சாச்சா இருக்காரு தானே?"

இருக்கிறார். சாச்சா என்று அவள் சொல்வது என் தம்பி ஜிப்ரியை. வயது முப்பத்தெட்டு. வாரா வாரம் ஹனா அவனோடு வட்ஸப்பில் முகம் பார்த்துக் கதைப்பாள். இரண்டு பேரிடமும் சேர்த்து நூறு தமிழ்ச் சொல் இருக்கும். எங்களில் யாருக்கும் விளங்காத கதையெல்லாம் அந்த நூறு சொல்லுக்குள் நடக்கும்.

நான் ஹனாவிடம், இவர்கள் கேட்பது சான்றிதழோடு வரும் அனுபவத்தை என்று ஏதோ சமாளித்தேன். அவள் படிவத்தைத் திருப்பித் தந்தாள். என் பொய்களுக்கு அவள் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

3

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஆண் பிள்ளைகள் கல்யாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படித்தான் நான் போனேன். பிறகு அங்கிருந்தும் போய், இங்கே வந்து விழுந்தேன். எங்கள் வீடு தங்கச்சி நஸ்லியாவுக்கு எழுதப்பட்டது. கல்யாணம் முடிக்காத ஜிப்ரி வீட்டோடு அவளுக்கு வந்தான். காணி உறுதியில் கிணறும் இரண்டு தென்னையும் எழுதியிருந்தது. தம்பி எழுதப்படவில்லை, ஆனாலும் அவனும் அதில் அடக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜிப்ரிக்கு என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் பெயர் சொன்னதில்லை. "ஒரு மாதிரிப் புள்ள" என்பார்கள். ஐந்து வயதில்தான் கதைத்தான். நகத்தைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்து நிற்பான். கணக்கு வராது, காசு தெரியாது. ஆனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து நாங்கள் கடற்கரைக்குக் கிரிக்கெட் விளையாடப் போனால், எந்தக் குறுக்கு ஒழுங்கையால் ஒளித்துப் போனாலும் பின்னால் வந்து நிற்பான்.

அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினைந்து. ஒரு நாள் அவனையும் துடுப்பெடுத்தாட விட்டோம். முதல் பந்திலேயே விக்கெட் விழுந்தது. மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். நிறுத்தவில்லை. நான்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அடுத்ததாக ஆட வேண்டியவன் நான். என்னுடைய ஆட்டம் அன்று போய்விட்டது.

அடுத்த நாள் நானே ஒரு சட்டம் போட்டேன். ஜிப்ரி "கொமன்". இரண்டு பக்கத்துக்கும் ஆடுவான், அவனுக்கு அவுட் இல்லை. அவன் எடுக்கும் ஓட்டம் எந்தப் பக்கத்திலும் சேராது. மூன்று பந்து போடுவோம். விக்கெட் விழுந்தாலும் "நோபோல்!" என்று எல்லோரும் கத்துவோம். பிறகு மட்டையை வாங்கிக்கொள்வோம். பெடியன்கள் இந்தச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். பக்கத்து ஊரான மருதமுனையிலிருந்து ஆட வந்தவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுவோம். தம்பியை எவ்வளவு அன்பாகப் பார்க்கிறான் என்று உம்மா என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையடித்தார். நானும் அதை நம்பினேன். முப்பது வருடம் நம்பினேன்.

அவன் இப்போதும் கடற்கரைக்குப் போகிறான். இப்போதைய பெடியன்களுக்கும் சட்டம் தெரியும். சட்டம் போட்டவன் யார் என்றுதான் தெரியாது.

4

மூன்று வாரத்துக்கு முன் நஸ்லியா தொலைபேசியில் எடுத்தாள். பஸ் ஓட்டி முடித்து, டிப்போவில் தேநீரோடு நின்றேன். ஊரில் இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் சேர்ந்து விசேட தேவையுள்ளவர்களையும் மற்றவர்களையும் ஒரே குழுவில் போட்டுக் கிரிக்கெட் நடத்தப் போகிறார்களாம். ஹனா இங்கே ஆடுவது போலத்தான், ஆறு பேர் கணக்கு. ஜிப்ரியைக் கேட்டு ஒரு பிள்ளை நாலு தரம் வீட்டுக்கு வந்துவிட்டது. கிராம சேவகரின் முத்திரை எடுத்தாயிற்று, டொக்டர் கடிதம் எடுத்தாயிற்று. பாதுகாவலரின் ஒப்பம் மட்டும்தான் பாக்கி.

நீயே வைக்கலாமே என்றேன்.

"எனக்கு ஏலா காக்கா. வாப்பா மவுத்தான நாளையில இருந்து எல்லாத்துக்கும் காக்காட்ட கேளு, காக்காட்ட கேளு எண்டுதான் எல்லாரும் சொன்ன. நீங்க ஒப்பம் வெச்சா அனுப்புறன். இல்லாட்டி இல்ல. மறுகா என்ன குத்தம் சொல்லப்படா."

வாப்பா இறந்த பிறகு எங்களுக்குள் வேலைப் பங்கீடு இப்படித்தான். அவனைக் குளிக்க அனுப்புவது, நகம் வெட்டுவது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது, அவன் தொலைந்தால் தேடுவது எல்லாம் அவள். தீர்மானம் எடுப்பது நான். ஐயாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பாலிருந்து.

அவனுக்கு ஆசையா என்று கேட்டேன். மூன்று நாளாகச் சேர்ட்டைக் கழற்றவில்லை என்றாள். ஒன்பதாம் இலக்கம் போட்டு ஒரு நீலச் சேர்ட் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பிரதான வீதியில் நின்று அக்கரைப்பற்று பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுகிறானாம். காக்கா பஸ் ஓட்டுகிறார் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருப்பதால், போகிற பஸ்ஸெல்லாம் நான்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் அனுப்பிய ஒப்பப் படிவத்தைத் தொலைபேசியில் திறந்து பார்த்து மூடினேன். இதெல்லாம் சனம் கூடும் இடம், ஒலிபெருக்கி இருக்கும், தொலைபேசியைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். நடுவில் நின்று அவன் மண்ணில் உட்கார்ந்து அழுதால்? நான் அங்கே இல்லை, கூட்டிக்கொண்டு போக. அங்கே இருந்தபோது கூட்டிக்கொண்டு போக விருப்பமில்லாமல் சட்டம் போட்டவன்தானே நீ என்று என்னை நானே கேட்க இன்னும் இரண்டு வாரம் எடுத்தது. மெதுவாக விளங்குகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் அது ஜிப்ரிக்கு மட்டும் உள்ளதில்லை.

5

நாலு தரம் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளை ஐந்தாம் தரம் எனக்கே எடுத்தது. பெயர் சப்ரா. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் வயது. ஸலாம் சொல்லி முடித்த உடனே, ஏன் காக்கா ஒப்பம் வைக்கவில்லை என்றாள். சுற்றி வளைக்கத் தெரியாத பிள்ளை.

வைக்கிறேன், ஆனால் ஒரு விஷயம் என்றேன்.

"அவன அவுட்டாக்கப்படா தங்கச்சி. அவுட்டாக்கினா அழுவான்."

"எப்ப அழுத?"

"சின்ன வயசில."

"எத்தின வயசில காக்கா?"

"ஏழு."

"நானும் ஏழு வயசில அழுதிரிக்கன்" என்றாள். "மறுகா நீங்க அவர அவுட்டாக்கிப் பாக்கவே இல்லயா?"

இல்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. அவர் வெளாடத்தான் வாறாரு காக்கா. அவுட் இல்லாட்டி அது வெளாட்டு இல்ல."

அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். கடைசித் திகதி மறுநாள் என்றும் சொன்னாள். ஒப்பம் வைத்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு நான் செய்த வேலையைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஊரில் எப்படியும் தெரிந்துவிட்டது.

நடுவர் யார் என்று நஸ்லியாவிடம் நைசாக விசாரித்தேன். கபூர். என்னோடு பாலர் வகுப்பிலிருந்து படித்தவன், அந்தக் காலத்தில் கடற்கரையில் "நோபோல்!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன். அவனுக்கு எடுத்தேன்.

"அதுக்கென்ன மச்சான்" என்றான். "நான்தானே நிக்கிறன். ஸ்டம்பு மூண்டும் கடலுக்குப் போனாலும் நோபோல்தான்."

உலகத்தில் எத்தனையோ பேர் கிரிக்கெட்டில் ஆட்டத்தை விலை பேசியிருக்கிறார்கள். ஒரு சதம் இல்லாமல், தன் தம்பிக்காக, தம்பிக்கே தெரியாமல் பேசியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று பஸ்ஸை நன்றாக ஓட்டினேன். அடுத்த நாளே மறுபடி இருப்புக்கொள்ளவில்லை.

6

போன சனிக்கிழமை ஊரில் ஆட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. இங்கே அது காலை பதினொன்றரை. எங்கள் புல்வெளி ஆட்டம் பத்தரைக்கே தொடங்கிவிட்டது. நான் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் நின்றேன், கால்சட்டைப் பையில் தொலைபேசி சூடேறிக்கொண்டிருந்தது.

ஹனா ஆடினாள். பந்து அவள் காலில் பட்டது. நான் யோசிக்காமல் கையைத் தூக்கினேன். அது அவுட்தானா என்று இன்றுவரை அவளுக்குச் சந்தேகம், எனக்கும் கொஞ்சம் சந்தேகம். தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

அடுத்து கிரகாம். இரண்டு பந்தை நன்றாக அடித்தார். மூன்றாவது பந்து அவருடைய மட்டைக்கும் காலுக்கும் நடுவால் போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது. கண் தெரியாதவனுக்கும் கேட்டிருக்கும். நான் "நோபோல்" என்றேன். முகத்தில் அந்தச் சிரிப்போடு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பதினைந்து வயதிலிருந்து வைத்திருக்கிறேன்.

கிரகாம் ஸ்டம்பைப் பார்த்தார். பந்து போட்ட பிள்ளையைப் பார்த்தார். அது நோபோல் இல்லை, நான் அவுட் என்றார். பரவாயில்லை, இன்னொன்று ஆடுங்கள் என்றேன். போன வாரமும் இப்படித்தான் செய்தாய் என்றார். அதற்கு முதல் வாரமும். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அப்போதுதான் நடந்து வந்து தொப்பியைக் கழற்றினார். கழற்றிவிட்டு மெதுவாக, எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நீ ஹனாவுக்கு இப்படிச் செய்வதில்லை."

பிறகு ஹனாவைக் கூப்பிட்டுத் தொப்பியைக் கொடுத்தார். அவர் மட்டையை எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போடப்பட்டிருந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு என் மகள் நடுவரானாள்.

பதினொன்று ஐந்து. கபூருக்கு எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். நஸ்லியாவுக்கு எடுத்தேன். அவள் எடுத்து, ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் என்ன என்ன என்று இரண்டு தரம் கத்திவிட்டு வைத்துவிட்டாள். நான் புல்வெளியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். நாய் கொண்டுவந்த ஒருவர் என்னைத் தாண்டியவர், மறுசுற்றில் மறுபடி எதிர்ப்பட்டபோது நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். மூன்றாவது சுற்றில் சப்ராவுக்கு எடுத்தேன். முதல் அடியிலேயே எடுத்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடலுக்குப் போகும் ஸ்டம்பு உட்பட.

"பின் அறையில பூட்டி வெச்ச புள்ளைகளையும் கெஞ்சிக் கூட்டி வந்திரிக்கம் காக்கா" என்றாள். "சாதிச் சனம் சிரிக்கும் எண்டு பயந்த உம்மாமார்தான் முன்வரிசையில இரிக்காங்க. நீங்க என்னடாண்டா அங்க இருந்து…"

முடிக்கவில்லை. "வைங்க ஃபோன" என்றாள்.

வைத்தேன். மறுபடி நடந்தேன். ஓவர் முடிந்து வந்த ஹனா என் முகத்தைப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்காமல், தன் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துத் தந்தாள். மூன்றாம் தரம் அனுப்புவதற்காகப் பெயரெல்லாம் அவளே திருத்தி வைத்திருந்தாள். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். பந்துப் பெட்டியின் மூடியில் வைத்து, நின்றபடி, "உண்டு" என்று எழுதினேன். எத்தனை வருடம் என்பதற்கு முப்பத்தெட்டு. எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுவுக்குப் போனாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு சப்ராவின் தொலைபேசியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. முதலில் தெரிந்தது கபூர். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில், தொப்பி இல்லாமல் இருந்தான். என்னைப் பார்த்துத் துக்கமாகக் கையை அசைத்தான். ஒரே நாளில் இரண்டு நாட்டில் இரண்டு நடுவர்மார் வீட்டுக்கு. பிறகு படம் குலுங்கியது. தொலைபேசி நஸ்லியாவின் கைக்குப் போயிருந்தது. பின்னால் கடல், முன்னால் மண், நடுவில் தொப்பியோடு சப்ரா நின்றாள். ஒன்பதாம் இலக்கச் சேர்ட் மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்திருந்தது.

முதல் பந்து தவறியது. இரண்டாவது மட்டையில் பட்டது. ஜிப்ரி ஓடினான். எதிர்ப்பக்கம் நின்ற பெடியன் கத்துவதைக் கேட்டு, சரியான கோட்டில், மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினான். முதல் முறையாக அவனுடைய ஓட்டம் ஒரு பக்கத்துக் கணக்கில் சேர்ந்தது. எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. பெடியனும் ஒரு ஓட்டம் எடுத்து அவனை மறுபடி முன்னால் கொண்டுவந்து விட்டான்.

அடுத்த பந்து ஸ்டம்பில் பட்டது.

சனம் அப்படியே அடங்கியது. ஊரில் உள்ள எல்லோருக்கும் பழைய சட்டம் தெரியும். யாரோ பழக்கத்தில் "நோ…" என்று தொடங்கி நிறுத்தியது எனக்கு லெஸ்டரில் கேட்டது. ஜிப்ரி சப்ராவைப் பார்த்தான். அவள் கையைத் தூக்கினாள். நஸ்லியாவின் மூச்சு தொலைபேசியில் பட்டுப் பட்டுப் போனது. நான் நடப்பதை நிறுத்தவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு குப்பைத்தொட்டியில் மோதினேன்.

ஜிப்ரி விழுந்த ஸ்டம்பைப் பார்த்தான். மட்டையைக் கக்கத்தில் வைத்தான். பிறகு, இல்லாத கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். தலையை இரண்டு தரம் ஆட்டினான். ஐந்தாறு அடி நடந்து, நின்று, திரும்பி, தான் ஆடிய இடத்தில் ஏதோ மேடு இருந்தது போல முறைத்துப் பார்த்தான். பழுதான மண் என்பது போல. பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், நடந்தே வெளியே வந்தான். கைதட்டியபோது மட்டையைக் கொஞ்சமாகத் தூக்கினான்.

முப்பத்தொரு வருடம் எங்கள் எல்லோரையும் அவுட்டாக்கி அனுப்பும்போது அவன் கோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொருவனும் எப்படித் தலையாட்டினான், எப்படி மண்ணைக் குற்றம் சொன்னான், எப்படி நடந்தான் என்று. அந்த நடையில் என்னுடையதும் இருந்தது. வானத்தைப் பார்ப்பது நான். ஒருவன்கூட அவனை அப்படி நடக்க விடவில்லை.

எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இந்த நாட்டில் கோடை காலத்தில் புல்லின் மகரந்தம் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

தொலைபேசி நிறைய ஜிப்ரியின் முகம். வியர்வை, பல்.

"காக்கா, நான் அவுட்டு."

"ஓம் தம்பி. பாத்தன்."

"கிளீன் போல்ட்" என்றான், பரிசு விழுந்தவன் போல. பிறகு என் தலைக்குப் பின்னால் தெரிந்த மைதானத்தையும் மட்டைகளையும் கண்டிருக்க வேண்டும். "நீ?"

"நானும் அவுட்டுத்தான் தம்பி. இண்டைக்குக் காலத்தாலயே."

கொஞ்சம் யோசித்தான். சட்டம் தெரிந்த ஆள் அவன்.

"அப்ப வெளிய இரி" என்றான். தொலைபேசியை நஸ்லியாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பந்தைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் கோட்டுக்கு வெளியே வந்தேன். வாங்கில் கிரகாம் தன் சாண்ட்விச்சின் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மட்டையை எடுத்து மற்றப் பக்கம் வைத்துவிட்டு, எனக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.